பார்த்துப் பார்த்து வாங்கிய ஜாக்கி

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஐந்து. நாத்தனார் விட்டுவிட்டுப் போன பையனையும் சேர்த்தால் வளர்த்தது ஆறு. ஆறு பேரும் அவரவர் காலில் நிற்கிறார்கள். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருஷம் எண்ணெய்க் கடை வைத்திருந்தேன். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தால், அது எந்த எண்ணெய், எதோடு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மயிலாப்பூர் மாட வீதிகளில் இருந்துகூட என் கடையைத் தேடிக்கொண்டு வருவார்கள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நடந்தது தொண்ணூற்று நாலில், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டினவர். அடையாறில் ஒரே முதலாளியிடம் இருபத்தெட்டு வருஷம். வேலையை விட்டு நின்றபோது, ‘நீ ஓட்டின வண்டி, நீயே வைத்துக்கொள்’ என்று பழைய அம்பாசிடரை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் மாடு கட்டிய இடம் சும்மா கிடந்தது. அதற்குக் கூரை போட்டு, தரைக்கு சிமெண்ட் பூசி ஷெட்டாக ஆக்கினோம். பிரேக் பார்ப்பதோ கிரீஸ் வைப்பதோ சக்கரத்தை மாற்றிப் போடுவதோ, எல்லாம் அவரேதான். வேறு எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொட்டதில்லை. தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டபோது அந்த வண்டியில்தான் போனோம்.

அந்த வருஷம் மாசியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது தோள்பட்டையில் எலும்பு விலகிவிட்டது. கட்டுப் போட்டுக் கட்டு அவிழ்த்த பிறகு, வண்டி ஓட்டலாம், ஆனால் எதையும் முறுக்கவோ அழுத்தித் திருப்பவோ கூடாது என்று டாக்டர் சொன்னார். அதன் அர்த்தம் எங்களுக்கு அப்போது புரியவில்லை. ஒரு மாதம் கழித்து அடையாறு பாலத்தின் மேல் டயர் பஞ்சரானபோதுதான் புரிந்தது. நான் பின்சீட்டில் இருந்தேன். அவர் டிக்கியில் இருந்து ஜாக்கியை எடுத்தார். காரைத் தூக்குகிற இரும்புச் சாமானை நாங்கள் ஜாக்கி என்றுதான் சொல்வோம். வண்டியோடு வந்த ஜாக்கி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றச் சுற்ற மரை ஏறி மேலே போகிற மாதிரி. நாலு சுற்று சுற்றினார். முகம் வெளுத்துப்போய், கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு பாலத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். போகிற வழியில் இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை அவர். நான்தான் சொன்னேன்.

வீடு வந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்றார். தன் வண்டியின் ஒரு சக்கரத்தைத் தூக்க முடியாதவனுக்கு வண்டி எதற்கு என்று சொன்னார். அசோக் நகரில் இருக்கிற பெரிய பையனுக்கு அது சௌகரியமாகப் போய்விட்டது. அவன் ரொம்ப நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு ஆளையும் பிடித்துவிட்டான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு.

அதற்குப் பிறகு இவர் தினமும் காபி குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போவார். டிரைவர் சீட்டில் உட்காருவார். கதவு திறந்திருக்கும். வண்டியைக் கிளப்ப மாட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார். மறுபடி போய் அதே இடத்தில் உட்காருவார். ஆறு பிள்ளைகளுக்கும் அம்மை வந்து பார்த்தவள் நான், பயப்பட மாட்டேன். ஓடாத வண்டியில் அவர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது எனக்குள் ஒரு கேள்வி. சுற்றாமல் தூக்குகிற ஜாக்கி என்று ஒன்று இருக்காதா? லாரிகளுக்கு எப்படித் தூக்குகிறார்கள்? அதையும் ஒரு ஆள்தானே தூக்குகிறான்? அவரிடம் கேட்டால், அதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும், வீட்டுக்கு ஆகாது என்றார். ஆகாது என்று ஒருத்தர் சொன்னால் அது ஏன் ஆகாது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, பூக்கட்டுகிற நூலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வண்டியின் அடிச் சட்டத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நூலைப் பிடித்து ஒரு முடிச்சு. எத்தனை உயரம் தூக்கினால் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் என்று கண்ணளவில் பார்த்து இன்னொரு முடிச்சு. நூலை முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுநாள் காலை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி மவுண்ட் ரோட்டில் இறங்கினேன். அதற்குப் பின்னால் ஒரு தெரு முழுக்கக் காருக்கு வேண்டிய உதிரி சாமான் கடைகள்தான். அந்தத் தெருவில் பொம்பளையாக நான் ஒருத்திதான் நடந்தேன்.

முதல் கடையில் கத்திரிக்கோல் மாதிரி விரிந்து மேலே போகிற ஜாக்கியைக் காட்டினார்கள். உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். பழைய ஜாக்கிக்கு இது தங்கச்சி, அவ்வளவுதான். இரண்டாவது கடையில் பாட்டில் மாதிரி குண்டாக ஒன்று. பக்கத்தில் உள்ள கம்பியை மேலும் கீழும் ஆட்டினால் நடுவில் இருந்து ஒரு உருளை கிளம்பி வருகிறது. சுற்ற வேண்டாம், ஆட்டினால் போதும் என்றதும் எனக்குச் சந்தோஷம். ஆனால் நூலை வைத்துப் பார்த்தால் ஜாக்கி முதல் முடிச்சுக்கு மேலே நின்றது. வண்டிக்கு அடியிலேயே நுழையாது. நுழைந்தாலும் குப்புறப் படுத்துத்தான் ஆட்ட வேண்டும். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். கடைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். “ஆயா, வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?” என்று ஒருத்தன் கேட்டான். “இருக்காரு. அவர தூக்கத்தான் ஜாக்கி தேடுறேன்” என்றேன். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

நாலாவது கடையில் ஒரு பாய் இருந்தார். நரைத்த தாடி, என் வயசு இருக்கும். நான் முடிச்சுப் போட்ட நூலை எடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார்.

“முப்பது வருசமா இங்க உக்காந்துகினு கீறேன். வண்டி அடிய அளந்து எட்த்துகினு வந்த மொத ஆளு நீங்கதாம்மா” என்றார்.

உள்ளே போய், சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். தட்டையாக, முதலை மாதிரி இருந்தது. கீழே நாலு இரும்புச் சக்கரம், பின்னால் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடி. நின்றுகொண்டே வண்டிக்கு அடியில் தள்ளலாம், நின்றுகொண்டே ஆட்டலாம். கைப்பிடியைக் கழற்றினால் டிக்கியில் படுத்துக்கொள்ளும். டிராலி ஜாக்கி என்று பெயர் சொன்னார். நூலை வைத்துப் பார்த்தேன். கீழே இருக்கும்போது முதல் முடிச்சுக்குள் அடங்கியது. தூக்கியதும் இரண்டாவது முடிச்சைத் தாண்டிப் போனது. ஆனாலும் வெறும் ஜாக்கி தூக்குவதைப் பார்த்து நான் எப்படி நம்புவது? வண்டியைத் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். ஆளைக் கூப்பிடப் போனார். ஆள் வேண்டாம், நானே தூக்குகிறேன், அதுவும் இடது கையால் என்றேன்.

பாயுடைய கார் கடை வாசலில் நின்றது. பின்சக்கரங்களுக்கு ஆள் கட்டை வைத்தான். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆட்டினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வண்டி ஒரு முறை முனகியது. இன்னும் ஏழெட்டுத் தடவை. தரையில் உப்பலாக உட்கார்ந்திருந்த டயர் மெல்ல உருண்டையாகி, அதற்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. “ஆயா, அப்டியே நம்ம ஆட்டோவயும் தூக்கி அந்தாண்ட வெச்சிடு, போலீஸ்காரன் தொல்ல தாங்கல” என்று ஒருத்தன் சொன்னான். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

இத்தனை கனத்தை என் இடது கை எப்படித் தூக்கியது? அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். உள்ளே என்ன இருக்கிறது என்று பாயைக் கேட்டேன். எண்ணெய் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே எண்ணெய்தானாம். சின்னக் குழாயில் இருக்கிற எண்ணெயை நாம் அழுத்த, அது பெரிய குழாய்க்குள் போய் அங்கே இருக்கிற உருளையை மேலே தள்ளுகிறது. இடுக்கு வழியாக ஒழுகாமல் ரப்பர் வளையம் பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் எண்ணெய் திரும்பி வந்துவிடும், வண்டி இறங்கிவிடும். கடையில் டின்னுக்கு டின் எண்ணெய் அளந்து ஊற்றியிருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு பலம் இருப்பது முப்பது வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு ரப்பர் மூடியைக் காட்டி, “இதான் எண்ணெ ஊத்துற வாய். ஆறு மாசத்துக்கு ஒரு தபா தொறந்து பாருங்க. கொறஞ்சிருந்தா…” என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

“எண்ணெயப் பத்தி எனக்கு சொல்லித் தர்றியா பாய்? நான் எண்ணெயிலயே பொறந்து வளந்தவ.”

அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஒரு தாளை மடித்து டப்பாவில் வைத்து, எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கூடவே இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும் என்றார். என் தலையில் இன்னும் இரண்டு சாமானைக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது. தமிழே எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனால் அதைக் கடைக்கு வந்தவர்கள் ஒருத்தருக்கும் காட்டிக்கொண்டதில்லை. யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் நெற்றியைச் சுருக்கி ஒரு நிமிஷம் பார்ப்பேன், சரி என்பேன், மடித்து வைப்பேன். இதையும் அப்படித்தான் வைத்தேன். சமையலறைப் பலகையில், மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் விரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பையன் அந்த ஆளோடு வந்தான். வீட்டுக்காரர் நான் வாங்கி வந்திருந்த புது ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து, இடது கையால் ஆட்டி, முன்சக்கரம் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக் காட்டினார். வந்தவர் பாவம், தனக்குத்தான் காட்டுகிறார் என்று நினைத்து வண்டியைப் புகழ்ந்தார். “வண்டி விக்கிறதுக்கு இல்ல சார், காபி சாப்ட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார் இவர். பையனுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜாக்கியில் தூக்கினதும், வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால், ஸ்டெப்னியை, அதுதான் அந்த மாற்றுச் சக்கரத்தை, உருட்டிக்கொண்டு வந்து அடிச் சட்டத்துக்குக் கீழே படுக்கப் போடுவார். எத்தனையோ வருஷமாக அதே பழக்கம். பழைய ஜாக்கிக்குச் சரி. நான் நூல் போட்டு அளந்து, என் கையாலேயே தூக்கிப் பார்த்து வாங்கி வந்த ஜாக்கிக்கும் அப்படிச் செய்தால்? நம்பிக்கை இல்லையா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“நம்புறது வேறமே. அடீல படுக்கிறது வேற” என்றார்.

நாலைந்து நாள் அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. பழைய ஜாக்கியை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்று வேறு சொன்னேன். ஆகட்டும் என்றார். போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு இரும்பு என்று பேர் உள்ள எதுவும் எண்ணெய் காணாமல் இருக்காது. அரிவாள்மணை, தராசு, தையல் மெஷின், கதவுக் கீல் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பொட்டு வைப்பேன். காருக்கு நாலு எலுமிச்சம்பழம். ஜாக்கியையும் துடைத்தேன். துடைக்கும்போது ரப்பர் மூடி கண்ணில் பட்டது. பாய் திறந்து பார்க்கச் சொன்னாரே என்று திறந்தேன். உள்ளே என்ன எண்ணெய் இருக்கும் என்று முதல் நாளில் இருந்தே எனக்கு ஆசை. விரலை விட்டு எடுத்தேன். தண்ணி மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனை என்று ஒன்றும் இல்லை. தேய்த்தால் பிடிப்பும் இல்லை. இத்தனை கனத்தைத் தூக்குகிற சாமானுக்கு இப்படிப்பட்ட மட்ட எண்ணெயா? கவிழ்த்து, முடிந்தவரை ஒரு கிண்ணத்தில் வடித்துக் கொட்டினேன். வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த முதல் தர நல்லெண்ணெயை விளிம்பு வரை ஊற்றி மூடினேன். மஞ்சள் குங்குமமும் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டதை யாராவது புருஷனிடம் சொல்வார்களா?

ஆட்டிப் பார்த்தேன். முன்னைவிட மெத்தென்று, சத்தமில்லாமல் போனது. பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம். முந்தின நாள் தெருத் தண்ணீரில் ஓட்டியதில் வண்டிக்கு அடியில் ஏதோ உரசுகிற சத்தம் வருகிறது என்று அவர் ஷெட்டுக்குப் போனார். வழக்கம்போல ஜாக்கியில் தூக்கினார். வழக்கம்போல ஸ்டெப்னியைப் படுக்கப் போட்டார். கோணியை விரித்து அடியில் போய்ப் படுத்தார். நான் ஷெட் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். மதியம் என்ன குழம்பு என்று கேட்டது நினைவிருக்கிறது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. உஸ் என்று ஒன்று, குக்கரில் ஆவி அடங்குகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். வண்டி முன்னங்காலை மடக்குகிற யானை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நிற்பதற்குள் டொக் என்று ஸ்டெப்னி மேல் உட்கார்ந்துவிட்டது. அவர் கால் இரண்டும் வெளியே. இடுப்புக்கு மேல் வண்டிக்கு அடியில். கீரை தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

என்னங்க என்று கூப்பிட்டேன். அடியில் இருந்து அவர் குரல் வந்தது. மூச்சு முட்டினாலும் நிதானமாக வந்தது.

“கத்தாத. யாரையும் கூப்டாத. நாலு பேரு ஓடியாந்து வண்டியப் புடிச்சி ஆட்டுனா ஸ்டெப்னி நழுவிடும். டிக்கியத் தொற. பழைய ஜாக்கி அங்கதான் கீது.”

இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டதாக நான் நினைத்திருந்த அதே ஜாக்கி, சாக்குத் துணியில் சுற்றி டிக்கியின் மூலையில் இருந்தது. எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அடியில் இருந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மயிரிழைதான் ஏறியது. இருபது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது. கை எரிந்தது. நடுவில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தாதே, ஏதாவது பேசு என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஒருமையில் சொன்னேன்.

“புளிக்கொழம்பா, சாம்பாரா? நீ இன்னும் சொல்லவே இல்லியே” என்றது குரல்.

ஒரு சாண் உயர்ந்ததும் கோணியோடு ஊர்ந்து வெளியே வந்தார். சட்டை கிழிந்து, மார்பில் தோல் வழன்றிருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. வண்டிக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் நாலு விரல்கூட இருந்திருக்காது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்பு ஜாக்கியைச் சுற்றித் தரையில் எண்ணெய் பரவியிருந்தது. அவர் ஒரு விரலால் அதைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

“இன்னாமே, நல்லெண்ணெ வாசன வருது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அந்த வாசனை என் கடை வாசனை. ஆமாம், நான்தான் ஊற்றினேன் என்றேன். அவர் விரலைக் கோணியில் துடைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால் சிரிக்கிறார். “சனிக்கெழம அதுக்கு எண்ணெ தேச்சி குளிப்பாட்டுனியா?” என்று கேட்டுவிட்டு, நெஞ்சு வலிக்க வலிக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று வரை அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடிந்ததில்லை.

மறுநாள் ஜாக்கியை ஆட்டோவில் போட்டு பாய் கடைக்குக் கொண்டுபோனேன். பாய் பிரித்தார். என் கண் முன்னாலேயே பிரிக்கச் சொன்னேன். நான் பார்க்க ஆசைப்பட்ட உள்பக்கம் அது. அத்தனை பெரிய வண்டியைத் தாங்கியது ஒரு சின்ன ரப்பர் வளையம், மெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அது தண்ணீரில் ஊறின அப்பளம் மாதிரி உப்பி, தொட்டதும் பிய்ந்து வந்தது. நல்லெண்ணெய் ரப்பரைத் தின்றுவிட்டது. வாசனை இல்லாத எண்ணெய் என்று நான் கொட்டினேனே, அது அந்த ரப்பருக்கென்றே தயார் பண்ணின எண்ணெயாம்.

தாள் வைத்தேனே, படிக்கவில்லையா என்று பாய் கேட்டார். படித்தேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எம்மேலதாம்மா தப்பு. எந்த எண்ணென்னு வாயால சொல்லி அனுப்பியிருக்கணும். வுட்டுட்டேன்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்ல வந்தவரின் வாயை அடைத்தது நான். பழியைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொள்கிறார் அந்த மனுஷன். அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. “நான் படிக்கல பாய். எனக்குப் படிக்க வராது. ஊறுகா ஜாடிக்கு அடீல போட்டு வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டேன். வெளி மனுஷர் ஒருத்தரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலையில் இடி ஒன்றும் விழவில்லை. ஆட்டோக்காரன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் தலையை ஆட்டிக்கொண்டு புது வளையத்தை மாட்டினார், எந்த எண்ணெய் என்று டின்னைக் காட்டினார், வாசனை பிடித்துப் பார்க்கச் சொன்னார். இந்தத் தடவை ஸ்டாண்டு இரண்டையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய பையன் குடும்பத்தோடு வந்தான். எங்கள் இரண்டு பேரைத் தவிர குடும்பத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. சொல்லாதே, சொன்னால் வண்டியை விற்கச் சொல்வான் என்று வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். ஜாடியைத் தூக்கித் தாளை எடுத்தேன். நடுவில் வட்டமாக ஊறுகாய் எண்ணெய்க் கறை. பேத்தி அப்போது ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். கூப்பிட்டுக் கொடுத்தேன். கறைக்கு நடுவில் கொட்டை எழுத்தில் இருந்ததை அவள் படித்துத் தமிழில் சொன்னாள். இதற்கென்று உள்ள எண்ணெயைத் தவிர வேறு எந்த எண்ணெயும் ஊற்றக் கூடாது. அதற்குக் கீழே, ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. இரண்டு வரி. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். குழந்தை படித்ததைக் கேட்டு, கூடத்தில் இருந்த பையன் எழுந்து வந்துவிட்டான். தாத்தாவின் மார்பில் கட்டு எப்படி வந்தது என்று கேள்வி வந்தது. குழம்பு தாளிக்கும்போது தெறித்தது என்று ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார் அவர். சமையலறைப் பக்கமே வராத மனுஷர்.

பையன் குதித்தான். “நைனா, இந்த வயசுல உனுக்கு இது தேவையா? நாளைக்கே ஆள இட்டாரேன், வண்டிய குடுத்துடு” என்றான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பாலத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி.

மருமகள், பேத்தி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். வண்டி மேல் குற்றமில்லை, ஜாக்கி மேல் குற்றமில்லை, அவர் மேல் கொஞ்சமும் குற்றமில்லை. படிக்கத் தெரியாததும் குற்றமில்லை. படிக்கத் தெரியாது என்று சொல்லத் தெரியாமல் இருந்தேனே, அதுதான் குற்றம். அதற்குத் தண்டனை எனக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே. ஸ்டெப்னி போடுகிற பழக்கம் இருந்ததால் அவர் உயிரோடு இருக்கிறார். அப்படிப்பட்ட டிரைவரிடம் இருந்தா வண்டியைப் பிடுங்குவாய் என்று கேட்டேன். ஆறு பிள்ளைகளை வளர்த்ததில் ஒரு பிள்ளைக்கு முன்னாலும் நான் தப்புச் செய்தேன் என்று சொன்னதில்லை. பையன் என்னை அப்படிப் பார்த்ததும் இல்லை. கடைசியில், ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஷெட்டுக்குப் போய் ஸ்டாண்டை ஒரு தடவை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

வண்டி இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட அவர் அடியில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, அது போதாதென்று ஸ்டெப்னி வேறு. நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை, சில நாள் நானே அதை உருட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். பேத்தி அந்த இரண்டு வரியைத் தமிழில் பெரிய எழுத்தாக எழுதி ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதை நான் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். இப்போது மருந்துச் சீட்டு, கரண்டு ஆபீஸ் தாள், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் எனக்கு இது புரியவில்லை, படித்துச் சொல் என்று கூச்சமில்லாமல் நீட்டிவிடுகிறேன். சொல்லும்போது நெஞ்சில் லேசாக ஒன்று உறுத்தத்தான் செய்கிறது. அந்த நாலு விரல் இடைவெளியை நினைத்துக்கொள்வேன், உறுத்தல் போய்விடும்.

இதை எழுதி முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. எழுதியதில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியாது. பேத்தி ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டாள், இதோ பக்கத்தில்தான் இருக்கிறாள். இந்தா கண்ணு, முதல் வரியில் இருந்து சத்தமாகப் படி. எங்கேயாவது நான் தப்பாக எழுதியிருந்தால் நிறுத்து, என்ன தப்பென்று நீ சொல்லி முடிக்கிற வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.